அரட்டையில் எடுத்த முடிவு எங்கே போய்ச் சேர்கிறது?

பத்துப் பேர் இருக்கும் ஒரு வேலைக் குழு. மதியம் 3 மணிக்கு ஒருவர் கேட்கிறார்: "பழைய விண்ணப்பப் படிவத்தை இந்த மாதத்தோடு நிறுத்திடலாமா?" மூன்று பேர் கட்டைவிரல் காட்டுகிறார்கள். ஒருவர் "ஓகே" என்கிறார். அடுத்த நிமிடமே கூட்ட நேரம் மாறியது பற்றி இருபது செய்திகள் வருகின்றன. எடுத்த முடிவு திரையை விட்டு மேலே போய்விடுகிறது.

ஏழு மாதம் கழித்துத் தணிக்கைக்கு வந்தவர் கேட்கிறார்: "இதை யார் நிறுத்தினார்கள்? எதற்காக?" பதில் இல்லாமல் இல்லை. ஆயிரக்கணக்கான செய்திகளுக்கு அடியில் கிடக்கிறது, அல்லது வேலை மாறிப் போனவரின் கைபேசியில் கிடக்கிறது. ஸ்லாக் என்ற அலுவலக அரட்டைச் செயலியை இலவசக் கணக்கில் பயன்படுத்தியிருந்தால் 90 நாளுக்கு முந்தைய உரையாடலைத் திறக்கவே முடியாது. வாட்ஸ்அப் குரூப்பில் மறையும் செய்தி வசதியை யாராவது 7 நாளுக்கு வைத்திருந்தால், அந்த வாரமே காணாமல் போயிருக்கும்.

நிறுவனங்களும் அரசு அலுவலகங்களும் சமூக ஊடகத்தையும் கூட்டுப்பணி மென்பொருள்களையும் கையில் எடுத்து இருபது ஆண்டுகள் ஆகப்போகின்றன. 2006-இல் நிர்வாகவியல் ஆய்வாளர் ஆண்ட்ரூ மெக்காஃபி இந்தப் போக்குக்கு 'என்டர்பிரைஸ் 2.0' என்று பெயர் வைத்தார். 2008-இல் யாம்மர் என்ற அலுவலகச் சமூக வலைத்தளம் வந்தது, 2014-இல் ஸ்லாக் எல்லோருக்கும் திறந்தது, 2017-இல் மைக்ரோசாஃப்ட் டீம்ஸ். அன்றிலிருந்து இன்றுவரை எந்தக் கருவியை வாங்குவது என்று பேசியே கூட்டங்கள் கழிகின்றன. அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இங்கே எடுக்கிற முடிவு எங்கே போய் நிற்கும்?

அரட்டை, அழைப்பு, மின்னஞ்சல் எல்லாம் ஓடுகிறவை. விக்கி (படிக்கிறவரே திருத்தக்கூடிய இணையப் பக்கங்கள்), பகிர்வு ஆவணம், பணிப்பட்டியல், பதிவேடு இவை நிற்கிறவை. ஓடுகிற இடத்தில் பேச வேண்டும், நிற்கிற இடத்தில் எழுதி வைக்க வேண்டும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு எடுத்துப் போகிற ஆள் யார் என்று சொல்லி வைக்காத அலுவலகத்தில் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய மென்பொருளும் வீண்தான்.

ஒரு முடிவுக்கு ஆறு வரி போதும். தேதி. முடிவு, ஒரே வாக்கியத்தில். எடுத்தவரின் பெயரும் பதவியும். காரணம். யோசித்துத் தள்ளிய மாற்று வழி. மறுபடி எப்போது பார்ப்பது. கூடவே, பேசிய திரியின் (ஒரு செய்தியும் அதன் கீழ் வந்த பதில்களும்) லிங்க். இதில் பலர் விட்டுவிடுவது ஐந்தாவது வரியை. அது இல்லாவிட்டால் ஆறு மாதம் கழித்துச் சேருகிற புதியவர் அதே மாற்று வழியை நல்ல யோசனையாகக் கொண்டு வருவார், அதே விவாதம் மறுபடி முதலிலிருந்து நடக்கும். மென்பொருள் எழுதுகிறவர்கள் இப்படிப்பட்ட குறிப்புகளை நிரலோடு சேர்த்தே வைத்திருக்கிறார்கள். மற்றத் துறைகள் அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

எழுத வேண்டியவர் மேலதிகாரி அல்ல, கேள்வியைக் கேட்டவர். அன்றைக்கே எழுத வேண்டும். மறுநாள் என்றால் காரணம் பாதி மறந்துவிடும். பிறகு முடிவு மாறினால் பழைய குறிப்பைத் திருத்தாதீர்கள். புதிதாக ஒன்று எழுதி, பழையதன் தலைப்பில் 'மாற்றப்பட்டது' என்று போட்டுப் புதியதன் லிங்கைக் கொடுங்கள். கட்டைவிரலுக்கும் ஒரு பொருள் முடிவு செய்துகொள்வது நல்லது. சிலருக்கு அது 'பார்த்தேன்', சிலருக்கு 'சம்மதம்'. கட்டைவிரல் என்றால் பார்த்தேன், டிக் குறி என்றால் ஒப்புதல் என்று குழுவின் மேலே குத்தி வைத்துவிட்டால் இந்தக் குழப்பம் தீர்ந்தது.

சானல்களுக்கு (அரட்டைச் செயலிக்குள் தலைப்புவாரியாகப் பேசும் அறைகள்) முன்னொட்டு வைத்துப் பெயரிடுங்கள்: திட்டம், உதவி, அறிவிப்பு. அறிவிப்பு சானலில் எழுதும் உரிமை இரண்டு மூன்று பேருக்கு மட்டும் இருக்கட்டும், பதில்கள் திரிக்குள் போகட்டும். திட்டம் முடிந்ததும் சானலை அழிக்காமல் காப்பகத்துக்கு அனுப்புங்கள். தேடினால் கிடைக்க வேண்டும். மாதம் ஒருமுறை நிர்வாகப் பக்கத்தில் உள்ள புள்ளிவிவரத்தையும் பாருங்கள். பொதுச் சானலில் எத்தனை செய்தி, தனிச்செய்தியில் எத்தனை என்று ஸ்லாக் பிரித்தே காட்டும். பெரும்பகுதி தனிச்செய்தியாக இருந்தால் ஒரே கேள்விக்கு ஒரே பதிலைப் பலர் பலமுறை தட்டச்சு செய்துகொண்டிருக்கிறார்கள் என்று பொருள். பெரும்பாலும் காரணம், பொதுவில் கேட்டால் தெரியாதவன் என்று நினைப்பார்களோ என்ற கூச்சம். மூத்தவர்கள் முதலில் பொதுச் சானலில் கேட்கத் தொடங்கினால்தான் அது விலகும்.

விக்கி ஏன் வாடுகிறது

அமெரிக்க நிரலாளர் வார்ட் கன்னிங்ஹாம் 1995-இல் முதல் விக்கியைத் திறந்தபோது அதன் அடிப்படை எளிமையானது: படிக்கிறவரே திருத்தலாம், திருத்தியது உடனே தெரியும். அரசு உலகம் இதை எடுத்துக்கொள்ளாது என்றுதான் தோன்றும். ஆனால் அமெரிக்க உளவு அமைப்புகள் 2005-இல் இன்டெலிபீடியா என்ற தங்கள் உள் விக்கியைச் சோதனையாகத் தொடங்கி 2006-இல் முறையாக அறிவித்தன. விக்கிப்பீடியா ஓடுகிற அதே மீடியாவிக்கி மென்பொருள்தான். பாதுகாப்பு நிலைக்கு ஒன்றாக மூன்று தனித்தனி வலையமைப்புகளில் மூன்று விக்கிகள். கனடா அரசு 2008-இல் ஜிசிபீடியாவைத் தன் ஊழியர்களுக்காகத் திறந்தது, அதுவும் மீடியாவிக்கியில்தான்.

இன்டெலிபீடியாவில் கவனிக்க வேண்டிய மாற்றம் ஒன்று: பெயர் மறைத்து யாரும் திருத்த முடியாது. ஒவ்வொரு திருத்தத்திலும் திருத்தியவர் யாரென்று தெரியும். அலுவலகத்துக்குள் இது சரியான ஏற்பாடு. பெயர் தெரிவதால் விஷமம் குறைகிறது என்பதைவிட முக்கியமானது, சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பது என்று தெரிகிறது.

எத்தனை பேர் எழுதுவார்கள்? 2006-இல் இணையப் பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் சொன்ன 90-9-1 கணக்கு இணையக் குழுக்களைப் பற்றியது: நூற்றில் 90 பேர் படிப்பார்கள், 9 பேர் எப்போதாவது எழுதுவார்கள், ஒருவர் நிறைய எழுதுவார். தோராயக் கணக்குதான், ஆனால் திட்டமிட உதவும். 200 பேர் அலுவலகத்தில் இரண்டு பேர் விடாமல் எழுதினால், பதினெட்டுப் பேர் அவ்வப்போது கைவைத்தால், அது தோல்வியே இல்லை. எல்லோரும் எழுத வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்புவதைவிட, அந்த இரண்டு பேருக்கு வாரத்தில் மூன்று மணி நேரம் வேலை நேரமாகவே ஒதுக்கிக் கொடுங்கள். பலன் உடனே தெரியும்.

காலியான விக்கியைத் திறந்து வைத்து "வாருங்கள், எழுதுங்கள்" என்றால் யாரும் வரமாட்டார்கள். முதலில் இருபது பக்கம் எழுதி வைத்துவிட்டுத் திறக்க வேண்டும். எந்த இருபது? உதவி சானலில் கடந்த மூன்று மாதம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவை. பழைய பிடிஎஃப்களை மொத்தமாகக் கொண்டு வந்து கொட்டாதீர்கள். தேடலில் அவைதான் முதலில் வந்து நிற்கும், அவற்றில் பாதி காலாவதியாகியிருக்கும். இரண்டு முறை தவறான தகவல் கிடைத்தவர் மூன்றாம் முறை விக்கியைத் திறப்பதில்லை, பக்கத்து இருக்கைக்காரரைக் கேட்பார்.

ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் பொறுப்பாளர் பெயர், கடைசியாகச் சரிபார்த்த தேதி இரண்டும் இருக்கட்டும். ஆறு மாதம் தாண்டிய பக்கங்களைப் பட்டியலாக எடுத்துப் பொறுப்பாளருக்கு அனுப்புங்கள். பொறுப்பாளர் இல்லாத பக்கம் காப்பகத்துக்கு. ஒப்புதல் வாங்கிய பிறகே திருத்தம் வெளியாகும் என்ற ஏற்பாட்டை மட்டும் வைத்துவிடாதீர்கள். விக்கியைக் கொல்வதில் அதற்கு இணை இல்லை. எழுத்துப்பிழையைத் திருத்தி இரண்டு நாள் காத்திருந்தவர் மறுபடி திருத்த மாட்டார்.

பகிர்வு ஆவணமும் அனுமதியும்

பகிர்வு ஆவணத்தில் தவறு நடப்பது எழுதுவதில் குறைவு, அனுமதியில் அதிகம். 'லிங்க் வைத்திருக்கும் எவரும் பார்க்கலாம்' என்பது அவசரத்தில் தட்டுகிற பொத்தான், பிறகு யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கோப்புக்குக் கோப்பு அனுமதி கொடுக்காமல் கோப்புறைக்குக் கொடுங்கள். தனி ஆளுக்குக் கொடுக்காமல் குழுவுக்குக் கொடுங்கள். ஒருவர் துறை மாறும்போது குழுவிலிருந்து எடுத்தால் எல்லாம் ஒரே அடியில் முடியும். கோப்பின் உரிமையாளர் தனிக்கணக்காக இருக்கவே கூடாது. அவர் வேலையை விட்டதும் கணக்கை மூடுவார்கள், கோப்பும் கூடவே போகும். குழுவுக்குச் சொந்தமான பகிர்வு இயக்ககம் என்ற வசதி இதற்காகத்தான் இருக்கிறது.

விரிதாளைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட முடியாது. 2020 அக்டோபரில் இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பின் தினசரி எண்ணிக்கையில் 15,841 கொரோனா தொற்றுகள் விடுபட்டிருந்தது தெரிய வந்தது. ஆய்வகங்கள் அனுப்பிய தரவை எக்செல்லின் பழைய எக்ஸ்எல்எஸ் வடிவத்தில் ஏற்றியிருக்கிறார்கள். அந்த வடிவம் 65,536 வரிசையோடு நின்றுவிடும். ஒரு நோயாளிக்கே பல வரிசைகள் என்பதால் சுமார் 1,400 பேரோடு தாள் நிரம்பியது, மிச்சம் சத்தமில்லாமல் வெட்டுப்பட்டது. அவர்களோடு தொடர்பில் இருந்தவர்களைத் தேடும் வேலை அத்தனை நாள் தாமதம். விரிதாள் பலர் சேர்ந்து பார்க்க நல்ல பலகை. ஓர் அமைப்பிலிருந்து இன்னோர் அமைப்புக்குத் தரவு கடத்தும் குழாயாக அதை வைக்கக் கூடாது. வேறு வழியே இல்லையென்றால், அனுப்பிய வரிசை எத்தனை, வந்து சேர்ந்த வரிசை எத்தனை என்று இரண்டு எண்ணையும் ஒவ்வொரு முறையும் ஒப்பிடுங்கள். அந்த ஒரு சோதனை இருந்திருந்தால் முதல் நாளே பிடிபட்டிருக்கும்.

குழுவில் யார் இருக்கிறார்கள்

2025 மார்ச்சில் அமெரிக்காவின் உயர்மட்டப் பாதுகாப்பு அதிகாரிகள் ராணுவத் தாக்குதல் பற்றிப் பேசிய சிக்னல் செயலிக் குழுவில் ஒரு பத்திரிகை ஆசிரியர் தவறுதலாகச் சேர்க்கப்பட்டிருந்தார். சிக்னலின் மறையாக்கத்தில் (இடையில் யாரும் படிக்க முடியாதபடி செய்தியை மாற்றி அனுப்புவது) குறை எதுவும் இல்லை. உள்ளே வந்தவர் யார் என்று யாரும் பார்க்கவில்லை, அவ்வளவுதான். மறையாக்கம் வழியில் நிற்கும் திருடனைத் தடுக்கும். கதவைத் திறந்து உள்ளே விட்டவரைத் தடுக்காது. தனிப்பட்ட கைபேசியின் தொடர்புப் பட்டியலிலிருந்து ஆள் சேர்க்கிற எந்தச் செயலியிலும் இந்த ஆபத்து உண்டு. அலுவலகத்தின் ஊழியர் பட்டியலோடு இணைந்த செயலியில், வெளியாள் வந்தால் 'விருந்தினர்' என்று தனியாகக் குறித்துக் காட்ட முடியும்.

அந்தப் பட்டியலோடு இணைப்பதிலும் கவனம் வேண்டும். பிரான்ஸ் அரசு மேட்ரிக்ஸ் என்ற திறந்த அரட்டை நெறிமுறையின் மேல் தன் ஊழியர்களுக்காகச் சாப் (Tchap) என்ற செயலியை 2019-இல் வெளியிட்டது. அரசு மின்னஞ்சல் இருந்தால்தான் சேர முடியும் என்பது விதி. வெளியான உடனேயே ஒரு பாதுகாப்பு ஆய்வாளர் ஒரே முகவரிக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட @ குறிகளைப் போட்டு உள்ளே நுழைந்து காட்டினார். முகவரியைப் பிரித்துப் படித்த நிரல் ஒரு பகுதியைச் சரிபார்த்தது, உறுதிப்படுத்தும் மடல் வேறு பகுதிக்குப் போனது. அவர் தெரிவித்ததும் விரைவில் சரி செய்தார்கள். நீங்கள் எந்தத் தளத்தை வைத்தாலும், மின்னஞ்சல் முகவரியின் வாலை மட்டும் பார்த்து ஆளை அனுமதிக்காதீர்கள். ஊழியர் பட்டியலில் அவர் பெயர் இன்றைக்கு இருக்கிறதா என்று பார்க்கிற ஒற்றை உள்நுழைவு முறையே சரி. வேலையை விட்டவர் அன்று மாலையே எல்லாக் குழுவிலிருந்தும் தானாக வெளியேறுவதற்கும் அதுதான் வழி.

எங்கே பேசினோம் என்பதற்குச் சட்டமும் கணக்குக் கேட்கும். 2014-இல் திருத்தப்பட்ட அமெரிக்கச் சட்டப்படி, அரசு ஊழியர் அலுவலகம் சாராத கணக்கில் அரசு வேலை பற்றி எழுதினால் 20 நாளுக்குள் அதன் நகல் அரசுக் கணக்குக்குப் போக வேண்டும். நிதி நிறுவனங்கள் கதை இன்னும் கடுமை. ஊழியர்கள் தனிக் கைபேசியில் வாட்ஸ்அப் போன்றவற்றில் தொழில் பேசியதையும் அதைப் பதிவாக வைக்காததையும் காரணம் காட்டி, 2022 செப்டம்பரில் அமெரிக்கப் பங்குப் பரிவர்த்தனை ஆணையம் 16 நிறுவனங்களுக்கு மொத்தம் 110 கோடி டாலருக்கு மேல் அபராதம் விதித்தது. வெறும் தடை வேலை செய்யாது என்பது இதிலிருந்து தெரிகிறது. அங்கெல்லாம் விதி ஏற்கனவே இருந்தது. அலுவலகச் செயலி வாட்ஸ்அப் அளவுக்கு வேகமாக, கைபேசியில் சுலபமாக இருந்தால்தான் ஆட்கள் அங்கே பேசுவார்கள். வெளியே பேச்சு தொடங்கிவிட்டால், "இதை உள்ளே தொடர்வோம்" என்று சொல்லி, அதுவரை பேசியதைப் படமெடுத்து உள்ளே போடும் பழக்கம் வேண்டும்.

வெளியே பேசும் கணக்கு

நிறுவனத்தின் அல்லது துறையின் பெயரில் இருக்கும் சமூக ஊடகக் கணக்கு அலுவலக முத்திரைக்குச் சமம். 2013 ஏப்ரல் 23 அன்று ஏபி (அசோசியேட்டட் பிரஸ்) செய்தி நிறுவனத்தின் ட்விட்டர் கணக்கைக் கைப்பற்றியவர்கள், வெள்ளை மாளிகையில் குண்டு வெடித்ததாக ஒரு வரி போட்டார்கள். அமெரிக்கப் பங்குச் சந்தையின் டவ் ஜோன்ஸ் குறியீடு சில நிமிடங்களில் 140 புள்ளிக்கு மேல் சரிந்து மீண்டது. 2024 ஜனவரி 9 அன்று அமெரிக்கப் பங்குப் பரிவர்த்தனை ஆணையத்தின் எக்ஸ் (பழைய ட்விட்டர்) கணக்கிலேயே பிட்காயின் நிதிகளுக்கு ஒப்புதல் என்ற பொய்ப் பதிவு வந்தது. கணக்கோடு இணைந்திருந்த கைபேசி எண்ணைத் தங்கள் கையில் இருந்த சிம்முக்கு மாற்றிக் கடவுச்சொல்லை மாற்றியிருக்கிறார்கள். இரண்டடுக்குச் சரிபார்ப்பு அந்தக் கணக்கில் முன்பு இருந்தது. உள்நுழைவதில் சிக்கல் என்று ஊழியர்கள் கேட்டதால் 2023 ஜூலையில் அணைக்கப்பட்டு, பிறகு ஆறு மாதம் அப்படியே கிடந்தது.

ஆகவே: மீட்பு எண்ணாக யாருடைய தனிக் கைபேசி எண்ணும் வேண்டாம். குறுஞ்செய்திக் குறியீட்டுக்குப் பதில் அங்கீகாரச் செயலியோ, வன்பொருள் சாவியோ (கணினியில் செருகும் சிறு சாதனம்) வையுங்கள். சாவி இரண்டு வாங்கி ஒன்றைப் பெட்டகத்தில் பூட்டுங்கள். மீட்புக் குறியீடுகளை அச்சிட்டு உறையிலிட்டு அதே பெட்டகத்தில் வையுங்கள். கடவுச்சொல்லைப் பகிராமல், ஒவ்வொருவருக்கும் தனிப் பங்கு கொடுக்கிற வசதியைப் பயன்படுத்துங்கள். யார் எதைப் பதிந்தார் என்று அப்போதுதான் தெரியும். சிக்கலுக்காக எந்தப் பாதுகாப்பை அணைத்தாலும், மீண்டும் போடும் தேதியையும் ஆளையும் அப்போதே எழுதுங்கள்.

பூட்டு எவ்வளவு முக்கியமோ, அவசரத்தில் திறக்கத் தெரிவதும் அவ்வளவு முக்கியம். 2018 ஜனவரி 13 காலை 8:07-க்கு ஹவாய் மக்களின் கைபேசிகளுக்கு ஏவுகணை வருவதாகத் தவறான எச்சரிக்கை போனது. தவறு என்று அதே வழியில் திருத்தம் வர 38 நிமிடம் ஆனது. தன் ட்விட்டர் கணக்கின் உள்நுழைவு விவரம் தனக்குத் தெரியவில்லை என்று ஆளுநர் பின்னர் ஒப்புக்கொண்டார். மறுப்புச் செய்தி வார்ப்புருவாக முன்கூட்டியே எழுதப்பட்டிருக்க வேண்டும். அதைப் போடும் அதிகாரம் பணிநேரத்தில் இருக்கும் இருவருக்காவது மேலிடம் கேட்காமலே இருக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒத்திகை பாருங்கள்: அறிவிப்பில்லாமல் மணியைக் குறித்து, சோதனைக் கணக்கில் பதிவு வர எத்தனை நிமிடம் ஆகிறது என்று அளந்து.

நல்ல முன்மாதிரிக்கு ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலப் போலீஸைச் சொல்வேன். 2011 ஜனவரி வெள்ளத்தில் பரவிய வதந்திகளை ஒவ்வொன்றாக எடுத்து 'மித்பஸ்டர்' (கட்டுக்கதையை உடைப்பது) என்ற ஹேஷ்டேகோடு மறுத்தார்கள். வதந்தி எங்கே ஓடுகிறதோ அங்கேயே மறுப்பும் ஓடியது. மறுப்பை எழுதும்போது உண்மையை முதல் வரியில் வையுங்கள். பொய்யைத் தலைப்பாக்கினால் பாதிப் பேர் அதை மட்டும் படித்துவிட்டுப் போவார்கள். உரையைப் படமாக மட்டும் போட்டால் திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் திரை வாசிப்பான் பயன்படுத்துகிற பார்வையற்றவருக்கு அது வெற்றுச் சதுரம், ஆகவே படத்தில் உள்ளதை எழுத்தில் சொல்லும் மாற்று உரை கட்டாயம்.

பொறுப்பில் இருப்பவர்களின் தனிக்கணக்கு தனிச் சிக்கல். பொதுமக்களில் ஒருவரை ஓர் அதிகாரி பிளாக் செய்யலாமா என்ற கேள்வி 2024-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. அரசின் சார்பில் பேசும் உண்மையான அதிகாரம் அவருக்கு இருந்து, அந்தப் பதிவில் அவர் அதைப் பயன்படுத்தியதாகக் காட்டியிருந்தால்தான் அது அரசின் செயல் என்று நீதிமன்றம் வரையறுத்தது. எந்த நாட்டுக்காரருக்கும் இதிலிருந்து எடுத்துக்கொள்ள ஒன்று உண்டு: பதவிக்கு ஒரு கணக்கு, ஆளுக்கு ஒரு கணக்கு, இரண்டையும் கலக்காமல். பதவிக் கணக்கு ஆள் மாறும்போது அடுத்தவரிடம் போக வேண்டும்.

கடைசியாக, மக்களிடம் கருத்து கேட்பது. பின்னூட்டப் பெட்டியைத் திறந்து வைத்தால் சத்தமாகப் பேசுகிற பத்துப் பேர்தான் தெரிவார்கள். தைவானில் 2015-இல் ஊபர் ஒழுங்குமுறை பற்றிக் கருத்து கேட்க வி-தைவான் (vTaiwan) என்ற மக்கள் கலந்தாய்வுக் குழுவினர் பயன்படுத்திய போல்.இஸ் (Pol.is) என்ற மென்பொருளில் பதில் எழுதும் பொத்தானே கிடையாது. ஒருவர் சிறு வாக்கியமாகக் கருத்து போடலாம். மற்றவர்கள் ஏற்கிறேன், மறுக்கிறேன், கடக்கிறேன் என்று வாக்கு மட்டும் போடலாம். ஒரே மாதிரி வாக்களித்தவர்களை மென்பொருள் கூட்டமாகப் பிரித்துக் காட்டும், எல்லாக் கூட்டமும் ஏற்கிற வாக்கியம் எது என்பதையும் காட்டும். சண்டை போட இடமில்லாததால் ஒத்துப்போகிற இடம் வெளியே தெரிகிறது. பிரிட்டன் நாடாளுமன்ற இணைய மனுவில் வேறு நல்ல ஏற்பாடு: 10,000 கையொப்பத்துக்கு அரசின் பதில், 100,000-க்கு விவாதத்துக்கான பரிசீலனை. கையொப்பமிடுகிறவருக்கு என்ன நடக்கும் என்று முன்கூட்டியே தெரியும்.

கருத்து கேட்டு முடித்தபின் முடிவு வெளியாகும்போது, உள்ளே எழுதுகிற அதே ஆறு வரியை வெளியேயும் போடுங்கள். தள்ளிய யோசனைகளும் அவற்றைத் தள்ளிய காரணமும் அதில் கட்டாயம் இருக்க வேண்டும். அந்தப் பக்கத்தின் லிங்க், கருத்து கேட்ட முதல் பதிவின் அடியிலேயே போகட்டும். எழுதியவர்கள் திரும்பி வந்து தேடுவது அங்கேதான்.